ரூபனுக்கு நான் எழுதாத நினைவு மலர்

"அன்ரி, உங்களுக்குக் கதையெல்லாம் எங்க இருந்து வருது?" என்று நம் எழுத்துப் பட்டறையின் போன சந்திப்பில் உங்களில் ஒருத்தி கேட்டாள். நான், "கோப்பி ஆறப்போகுது, குடியும் பிள்ளை" என்று சொல்லி நழுவிவிட்டேன். கேள்வி பிடிக்காமல் இல்லை. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் ஒரு பின்னேரமே போய்விடும். உங்களுக்கோ ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ஆகவே இப்போது எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியாள். ஊரில் இருந்தபோது கடிதத்தைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. இங்கே சுவிஸுக்கு வந்து, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த காலத்தில்தான் முதற்கதை வந்தது. பிறகு லாங்கன்தாலுக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரோடுகூடக் கதைக்க முடியாது. வாய்க்காரி ஒருத்தியை எட்டு மணித்தியாலம் பேசாமல் நிற்கவைத்தால் அவள் என்ன செய்வாள்? தலைக்குள் ஆட்களை வைத்துக் கதைத்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்னதை எழுதினேன்.

எனக்குப் பிடித்தவை என்று கேட்டால் இரண்டு. ஒன்று, ஒட்டுக்கேட்பது. பேருந்திலும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் சனம் சண்டை பிடித்தால் நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்க மாட்டேன். மற்றது ஐஸ் ஹொக்கி. சிரிக்காதீர்கள். இந்த நாட்டுச் சனம் வாய் திறந்து கத்துவதைக் கேட்க வேறு இடம் இல்லை. அந்தக் குளிரில் குந்தியிருந்து நான் பிடித்த கதாபாத்திரங்கள் பல பேர்.

ஆனால் என் கதைகளுக்குப் பெரிய ஊற்று எது என்று நேர்மையாகச் சொல்வதென்றால், செத்தவீடுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் ஆட்கள் நினைவு மலர் அடித்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். படம், தேவாரம், குடும்ப விபரம், நடுவில் இரண்டு பக்கத்தில் போனவரின் வாழ்க்கை. அந்த இரண்டு பக்கத்தை எழுதித் தரச்சொல்லித்தான் என்னிடம் வருவார்கள். தொடக்கத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பெரிய கதாசிரியை அல்லவா! என் முதற்கதையைப் போட்ட சஞ்சிகையின் ஆசிரியர், கடுமையான மனிதர், ஒருநாள் ஃபோனில் கேட்டார்: "செத்தவையைப் பற்றி எழுத மாட்டன் எண்டிற ஆள், உயிரோட இருக்கிறவையைப் பற்றி என்னத்தைத் தங்கச்சி எழுதப்போறீர்?" எனக்கு மூக்கில் குத்தியதுபோல் இருந்தது. அடுத்த கிழமையே ஒன்று எழுதினேன்.

எழுத எழுத எனக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. படத்தையும் வம்சாவளியையும் வைத்துக்கொண்டு எழுதுவதில்லை. அந்த ஆளோடு வாழ்ந்தவரின் வீட்டுக்குப் போவேன். முதற்கேள்வியாக, அவருடைய குரலைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள், என்ன சொன்னார் என்று கேட்பேன். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கத் தேவையிருக்காது. மிச்சமெல்லாம் தானாக வரும்.

இந்த முறையால் எனக்குத் தலை விறைத்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டு, அவள் "எழுதுங்கோ அக்கா, இனி என்ன?" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேசன் என் வீட்டுக்கு வந்தார். பாடனில் இருப்பவர். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, கோயில் நிர்வாகத்திலும் ஒரு ஆள். எதையும் ஒழுங்குமுறையாகச் செய்கிறவர். சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்து, ஒரு படத்தை மேசையில் வைத்தார். அவருடைய தம்பி ரூபனின் படம்.

ரூபனுக்கு நடந்தது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். 2009இல் சண்டை முடிந்த கையோடு, இருந்த வழியில் மனைவி வதனியையும் கைக்குழந்தையையும் முதலில் சுவிஸுக்கு அனுப்பிவைத்தவர் அவர். வதனிக்கு இங்கே எஃப் அனுமதிதான் கிடைத்தது. உன்னைத் திருப்பி அனுப்பமாட்டோம், ஆனால் புருசனைக் கூப்பிட இப்போது விடமாட்டோம் என்கிற அட்டை அது. பொறுத்திருக்க முடியாமல் ரூபன் ஆட்களைக் களவாக ஏற்றிவிடுகிற ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டார். வட ஆபிரிக்கக் கரையிலிருந்து, "நாளைக்கு வள்ளம் ஏறுறம்" என்று கதைத்ததோடு சரி. அந்தக் கிழமை ஒரு வள்ளம் கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. ரூபனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அப்படிக் கடலோடு போன பிள்ளைகள் எங்களுக்குள் எத்தனை பேர்! எல்லாரும் ரூபனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நேசன் வந்தது அதற்கு ஆறு வருடத்துக்குப் பிறகு.

"அக்கா, ஊரில அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு. கண்ணை மூட முதல் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யட்டாம். மண்டபம் எடுத்திட்டன், ஐயரோட கதைச்சிட்டன். நினைவு மலர் ஒண்டு வடிவா அடிக்கவேணும். நீங்கள்தான் எழுதவேணும்."

"வதனி என்ன சொல்லுறா?"

"நேற்று ஃபோனில சொன்னனான். ஒண்டும் பேசேல்லை, வைச்சிட்டா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவவைக் கரைச்சல்படுத்த வேண்டாம் அக்கா. என்ன விபரம் வேணுமெண்டாலும் நான் தாறன்."

"தம்பி, அண்ணன்மாரிட்டக் கேட்டு நான் ஒருநாளும் எழுதினதில்லை. அண்ணன்மாருக்குத் தம்பி எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவன் எண்டுதான் தெரியும். ஆளைத் தெரிஞ்சது பொஞ்சாதிக்குத்தான்."

அவருக்கு அது விருப்பமில்லை என்று முகத்தில் தெரிந்தது. கடைசியில், "சரி, மெல்லமாக் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வதனி இருந்தது லாங்கன்தாலில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மணி அடித்தேன். கதவைத் திறந்தவளின் இடுப்பில் ஒரு கூடை உடுப்பு இருந்தது. நெற்றியில் பொட்டு. கழுத்தில் தாலிச் சங்கிலி. முதியோர் இல்லத்தில் வேலைநேரத்தில் நகை போடக்கூடாது என்பது சட்டம். அவள் அதைச் சட்டைக்குள் ஊசியால் குத்தி வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள் என்று எங்கள் பெண்கள் சொல்லி உச்சுக்கொட்டுவார்கள்.

"கீழ வாங்கோ அக்கா. இண்டைக்கு என்ர தோய்க்கிற முறை. விட்டால் பிறகு ரெண்டு கிழமைக்குக் கிடையாது" என்றாள். இந்த நாட்டில் அது எப்படியென்று உங்களுக்குத் தெரியும். கட்டடம் முழுக்க ஒரே இயந்திரம், ஒரே அட்டவணை, செத்தவீடு வந்தாலும் உங்கள் முறை உங்கள் முறைதான். நிலக்கீழ் அறைக்குப் போனோம். ஒரு இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கவிழ்த்துவைத்த கூடை ஒன்றில் குந்தினேன். அவள் நின்றபடி துவாய்களை மடித்தாள்.

"நேசன் வந்தவர்" என்றேன்.

"தெரியும். நினைவு மலருக்குத்தானே வந்தனீங்கள்? கேளுங்கோ."

குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் என் வழக்கத்தை விடவில்லை. "வதனி, ரூபன்ர குரலைக் கடைசியா எப்ப கேட்டனீர்? என்ன சொன்னவர்?"

கடற்கரையில் இருந்து எடுத்த அழைப்பைச் சொல்லுவாள், "நாளைக்கு வள்ளம் ஏறுறம்" என்பாள், அதற்குப் பிறகு அழுவாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துவாயை மடித்துக் கூடைக்குள் வைத்தாள்.

"போன வியாழக்கிழமை. மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டாச்சோ எண்டு கேட்டவர்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கனவிலயோ பிள்ளை?"

"கனவில்லை அக்கா. ஃபோனில."

"ஆர்? எந்த ரூபன்?"

"எனக்கு எத்தினை ரூபன் அக்கா?"

ஐயோ! கையில் அகப்பட்ட ஒரு துவாயை எடுத்து நானும் மடிக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடிச் சுவிஸ் மனிசி கதவைத் திறந்து, எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து, பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனா. வதனி அவவுக்கு மரியாதையாகத் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன்.

வதனி சொன்னது இதுதான். கரையில் அந்த வள்ளத்தையும் அதில் ஏறி நின்ற சனத்தையும் கண்டதும் ரூபனுக்குக் கால் கூசிவிட்டது. ஏறவில்லை. கூட வந்த ஒருவனோடு திரும்பி, எங்கெங்கோ அலைந்து, மலேசியாவில் போய் நின்றார். அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். ஒரு ஆண்குழந்தையும் உண்டு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் வதனிக்கு ஃபோன் எடுத்தார். அழுதார், மன்னிப்புக் கேட்டார். "உனக்கு மட்டும்தான் சொல்லுறன். அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் தெரிய வேண்டாம், தாங்க மாட்டினம்" என்று மகள் தலையில் சத்தியம் வாங்கினார்.

"நாசமறுவான்!" என்று என் வாயில் வந்துவிட்டது. "நீரும் பேசாமல் இருந்தனீரோ?"

"வேற என்ன செய்யச் சொல்லுறியள்? ஒவ்வொரு ஞாயிறும் மாமி ஃபோன் எடுத்து, 'பிள்ளை, தகவல் ஏதும் வந்ததோ' எண்டு கேக்கிறவ. அவவுக்கு என்னெண்டு சொல்லுறது, உங்கட மகனைக் கடல் கொண்டுபோகேல்லை, இன்னொரு வீட்டில சோறு தின்னுறார் எண்டு? அவ அந்த இடத்திலயே போயிடுவா." துவாயை உதறினாள். "எனக்கும் அது வசதிதான் அக்கா, மறைக்கேல்லை. கடல் கொண்டுபோனவன்ர மனிசியா இந்தச் சனத்துக்குள்ள இருக்கலாம். விட்டிட்டுப் போனவன்ர மனிசியா இருக்க ஏலாது. கோயிலுக்குப் போகேலாது, கலியாணவீட்டுக்குப் போகேலாது."

"இப்ப என்ன செய்யப்போறீர்?"

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "தெரியேல்லை அக்கா. உயிரோட இருக்கிற மனிசன்ர படத்துக்கு என்ர பிள்ளை விளக்குக் கொளுத்துறதோ? ஐயர் சொல்ல நான் தாலியைக் கழட்டுறதோ? அந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால்? நாசமாப் போகட்டும் எண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் திட்டுறனான். அதுக்காக... என்ர கையாலயோ?"

மண்டபத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. வாய் திறந்தால் மாமி உடைந்துபோவா. திறக்காவிட்டால் உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவீடு. அவளுக்கு வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். வாசலில் வைத்து, "கதையாவும் எழுதிப்போடாதேங்கோ அக்கா" என்றாள். எழுத வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த வசனம் சுட்டது. ஏனென்றால் படி ஏறும்போதே எனக்குக் கை துறுதுறுத்தது. முதல் வசனம்கூட வந்துவிட்டது. உங்களுக்கும் அப்படி வரும். வந்தால் வரட்டும், பேனையை எடுக்காதீர்கள். ஒரு மனிசி மூச்சுவிட முடியாமல் நிற்கும்போது அவளை வைத்து எழுதுவது எழுத்தில்லை, களவு.

அடுத்த சனிக்கிழமை பாடனுக்குப் போனேன். என் கண் சரியில்லை, எழுத ஏலாது என்று சொல்லித் தப்புவதுதான் திட்டம். நேசன் ஸ்டேசனுக்கு வந்திருந்தார். ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தோம். என் கண்ணின் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"வதனி ஏதும் சொன்னவவோ?"

"அவ துவாய் மடிச்சவ" என்றேன். அது பொய் இல்லைத்தானே.

"அக்கா, நீங்கள் எழுதத்தான் வேணும். வேற ஆரும் எழுதினால் சனம் நம்பாது."

நம்பாது என்ற சொல் எனக்குள் இடறியது. "கடலில போன பெடியனைப் பற்றி எழுதினால் சனம் நம்பாமல் விட என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டேன். மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. அவர் நடையை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. வெறும் கண்ணோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் உயிரோட இருக்கிறான் அக்கா."

பக்கத்தில் வாங்கு ஒன்று இருந்தது, நல்லகாலம். தொப்பென்று இருந்துவிட்டேன். ஒரு தரம் இடி விழுந்த காது அடங்க முதல் இன்னொன்று விழுந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். என் முகத்தைப் பார்த்து, நான் இப்போதுதான் முதன்முதல் கேள்விப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். நான் அப்படியே நினைக்கவிட்டேன்.

மலேசியா, அந்தப் பெண், குழந்தை எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம். "'உங்களுக்கு மட்டும்தான் அண்ணா சொல்லுறன். வதனிக்குத் தெரிஞ்சால் செத்துப்போவாள்' எண்டு கதறினவன். நான் என்ன செய்ய? என்ர தம்பி."

"அப்ப என்ன விசருக்கு மண்டபம் எடுத்தனீங்கள்?" என்று நான் கத்திவிட்டேன். நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"வதனிக்காகத்தான்" என்றார் நேசன். "அவ இன்னும் தாலியைப் பிடிச்சுக்கொண்டு அவன் வருவான் எண்டு காத்துக்கொண்டிருக்கிறா அக்கா. எத்தினை வருசத்துக்கு? செத்தவன் எண்டு முடிச்சுவிட்டால், அழுது குளறிப்போட்டு எழும்பி ஒரு வாழ்க்கையைப் பாப்பா. உண்மையைச் சொன்னால் எழும்ப மாட்டா. அம்மாவும் செய்யச் சொல்லி நிக்கிறா. ரெண்டுபேருக்கும் இதுதான் நல்லது எண்டு நினைச்சன்."

பிள்ளைகளே, அந்த வாங்கில் இருந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. அவளைக் காப்பாற்ற இவர் நடிக்கிறார். இவருடைய தாயைக் காப்பாற்ற அவள் நடிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே விசயம் தெரியும். இடையில் நான், இரண்டு பக்கமும் வாய் கட்டப்பட்ட ஒருத்தி. "அவவுக்கும் தெரியும் தம்பி" என்று மூன்று சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் அது வதனியின் வாயிலிருந்து வரவேண்டிய சொல். நான் சொன்னால், தோய்க்கிற அறையில் கையடித்துக் கொடுத்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். நாளைக்கு ஒருவரும் என்னை நம்பி வாய் திறக்க மாட்டார்கள், நானே என்னை நம்ப மாட்டேன். அதற்காகப் பேசாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. போனால் செத்தவீடு நடந்துவிடும்.

கடைசியில் எழும்பி நின்று சொன்னேன்: "தம்பி, எழுதுறதோ இல்லையோ பிறகு பாப்பம். ஆனா என்ர முறைப்படிதான் நான் தொடங்குவன். வாற சனிக்கிழமை வதனி வீட்டுக்கு வாங்கோ. ரெண்டுபேரும் ஒரு மேசையில இருங்கோ. நான் கேக்கிற முதற்கேள்விக்கு ரெண்டுபேரும் மறுமொழி சொல்லவேணும்."

"அவவுக்கு முன்னாலயோ?" அவர் முகம் வெளிறிப்போனது.

"ஓம், முன்னால."

வதனிக்கும் இதையேதான் சொன்னேன். அவளும் அப்படியேதான் வெளிறினாள்.

சனிக்கிழமை மகளை நீச்சலுக்கு அனுப்பிவிட்டு வதனி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். நேசன் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, மழை பெய்ததைப் பற்றியும் ரயில் பிந்தியதைப் பற்றியும் கதைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மாறி மாறி எனக்கு ரோல்ஸ் வைத்தார்கள். என் தட்டில் ரோல்ஸ் குவிந்தது.

கேட்டேன். "ரூபன்ர குரலைக் கடைசியா எப்ப கேட்டனீங்கள்? என்ன சொன்னவர்? ரெண்டுபேரும் சொல்லுங்கோ."

உதவிக்குப் போகவேண்டும்போல் நாக்கு துடித்தது, போகவில்லை. நேசன்தான் தொடங்கினார். "கடைசியா அந்தக் கரையில இருந்து எடுத்து... நாளைக்கு வள்ளம்..." அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வதனி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவள் கண் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"அத்தான்... உங்களுக்கும் ஃபோன் எடுக்கிறவரோ?"

நேசன் தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்தார். "உமக்கும் எடுக்கிறவனோ?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கையை விரித்தேன். கோயிலில் எல்லாரையும் அதட்டுகிற அந்த மனிதர் மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதார். வதனிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "இவ்வளவு காலமும் உங்களுக்கு முன்னால நான் நடிச்சனான் அத்தான்! கண்டவுடனே அழுதனான்!" என்றாள். "நானும்தான் வதனி, நானும்தான்" என்றார் அவர். சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கும் சிரிப்பதோ அழுவதோ தெரியவில்லை, தேத்தண்ணி ஊற்றினேன்.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. "அம்மாவுக்கு என்ன சொல்லுறது?" என்றார் நேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மண்டபத்தை நிப்பாட்டினால் ஏன் எண்டு கேப்பா. உண்மையைச் சொன்னால் அவவின்ர உயிர் போயிடும்." வதனி தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். "அக்கா, நீங்கள்தானே கதை எழுதுறனீங்கள். மாமிக்குச் சொல்ல ஒரு கதை சொல்லுங்கோ."

அந்த நேரம் மேசையில் இருந்த ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா. நேசன் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு எழுதுகிற அக்காவோடு இருப்போம் என்று. அவர் அழுத முகத்தோடு எடுக்கப் பயந்து, வீடியோவை அழுத்தி ஃபோனை என் கையில் திணித்துவிட்டார். திரையில் பாதி நெற்றியும் சுற்றுகிற காற்றாடியும் தெரிந்தன.

"எழுதுற பிள்ளை நீர்தானோ?"

"ஓம் அம்மா." இவ்வளவு காலமும் கதை எழுதிய எனக்கு, அடுத்த ஒரு வசனம் வாயில் வரவில்லை.

"அவன்ர பெருமையள் ஒண்டும் எழுதாதையும் பிள்ளை. செத்துப்போனான் எண்டு எழுதும், காணும்."

"அம்மா, அப்படி என்னெண்டு..."

"கிட்ட ஆரும் நிக்கினமோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஃபோனுக்குப் பின்னால் நின்றார்கள், அவவுக்குத் தெரியாது. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுமொழிக்கு அவ காத்திருக்கவும் இல்லை.

"அவன் இருக்கிறான் பிள்ளை" என்றா அம்மா, குரலைத் தாழ்த்தி. "மாசத்தில ஒருக்கா எடுக்கிறவன். 'அம்மா, உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்' எண்டவன். மூத்தவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் பெத்ததை நான்தானே சுமக்கவேணும். அந்தப் பெட்டை இவனுக்காக இருந்து இருந்து காய்ஞ்சுபோகுது. ஞாயிறு ஞாயிறாய் நானும் ஒண்டும் தெரியாத ஆள்மாதிரி தகவல் வந்ததோ எண்டு கேக்கிறனான். எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் போக முதல் அவளை அவிட்டுவிட வேணும். அதுக்குத்தான் செத்தவீட்டைச் செய்யச் சொன்னனான்."

நேசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். வதனி என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"மாமி."

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் மாமி. அவர் எடுக்கிறவர். அத்தானுக்கும் எடுக்கிறவர்."

இவ்வளவு நேரமும் நெற்றி மட்டும் தெரிந்த திரையில் இப்போது முழு முகமும் வந்தது. மெலிந்த, சுருங்கிய முகம். அவ கண் வெட்டாமல் மருமகளைப் பார்த்தா.

"எத்தினை வருசமா?"

"நாலு, மாமி."

"எனக்கு மூண்டு." விரல் மடித்து எண்ணிப் பார்த்தா. பிறகு, "அப்ப உனக்குத்தான் முதல் எடுத்தவன், என்ன?" என்றா. அந்தக் குரலில் இருந்த நோவை நான் எந்த நினைவு மலரிலும் எழுதியதில்லை. ஏதோ தன் பிழைபோல வதனி, "ஓம் மாமி" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா அழுதா. செத்தவீட்டில் அழுவதுபோல மார்பில் அடித்து, அவனைத் திட்டித் திட்டி அழுதா. வதனியும் அழுதாள். நேசன் அவளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்து, "அம்மா, காணும், அழாதேங்கோ" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா, மூக்கைச் சிந்தினா.

"பிள்ளை."

"என்ன மாமி?"

"அந்தத் தாலியைக் கழட்டி வை." வதனியின் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது. "பயப்பிடாதை. அவனுக்கு ஒண்டும் வராது. நான் கோயில் அம்மாளுக்கு நேர்ந்து வைக்கிறன், நீ கழட்டி வை."